கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகள்: சில மொட்டைப் பாறை, சில காப்பித் தோட்டம். ஏன்?

கேட்கப்பட்டது இதுதான்: கிருஷ்ணகிரி கோட்டை மலையும் ராயக்கோட்டை மலையும் வெறும் பாறையாக நிற்கின்றன, அதிகத் தொலைவில் இல்லாத வத்தல்மலையில் காப்பியும் மிளகும் விளைகின்றன. இந்த வித்தியாசம் எதனால்? உச்சியில் உண்மையிலேயே குளிருமா? உயரம் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்களே, எதை நம்புவது? எந்த மாதத்தில் ஏறலாம்?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் தரையே படிப்படியாக இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துச் சேலம் மாவட்டத்தை பாலகாட், பாராமகால், தலகாட் என்று மூன்றாகப் பிரித்ததற்குக் காரணமே இந்தப் படிகள்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேல்படி. கர்நாடகப் பீடபூமியின் விளிம்பு அது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர். சூளகிரி தாண்டி இறங்கினால் கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர், தருமபுரி அதைவிடக் கொஞ்சம் கீழே. தொப்பூர் கணவாயில் இன்னொரு படி இறங்கினால் சேலம், 300 மீட்டருக்கும் கீழே. மேற்கே பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனாலும் கிட்டத்தட்ட அதே ஆழத்துக்கு இறங்கிவிடுகிறோம்.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். கிருஷ்ணகிரி கோட்டை மலை ஊரிலிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் செங்குத்தாக எழுகிறது. 1791-ல் ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை ஏற முயன்று முடியாமல் திரும்பிய மலை அது. அந்த உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர். அதாவது, மூச்சு வாங்க ஏறி நிற்கும் அந்த உச்சி ஓசூர் பேருந்து நிலையத்தைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. அதனால்தான் 'உச்சியின் உயரம் எத்தனை அடி' என்ற கேள்விக்கு வரும் பதில் தனியாக எதையும் சொல்வதில்லை. அடிவாரம் எந்தப் படியில் இருக்கிறது, அங்கிருந்து எவ்வளவு எழுகிறது, மேலே மண் இருக்கிறதா பாறை இருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு மலையின் தட்பவெப்பத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் பாறை. கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி, மகாராஜகடை வட்டாரத்தில் பெரும்பாலும் இருப்பது நைஸ் (gneiss) என்ற வரிப்பாறையும், அதை ஊடுருவிய கிரானைட்டும். வயது சுமார் 250 கோடி ஆண்டு. உடைத்த கல்லில் இளஞ்சிவப்பும் சாம்பலும் கறுப்பும் வரிவரியாக, சில இடத்தில் பிசைந்து இழுத்தது போல நெளிந்து ஓடும். இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி போல மின்னுவது குவார்ட்ஸ், கறுப்பு வரி பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும். வீட்டுத் தரைக்கும் சமையல் மேடைக்கும் போகிற பலநிறக் கிரானைட் பலகைகளில் நிறைய இந்தப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து போனவை.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தெற்கே போகப் போக இந்தக் கல் மாறுகிறது. நிறம் இருண்டு, புதிதாக உடைத்த முகத்தில் பச்சை கலந்த எண்ணெய்ப் பளபளப்பு தெரிய ஆரம்பிக்கும். இது சார்னோகைட். ஏற்காடும் சித்தேரியும் இந்தக் கல்தான். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும்கூட. இந்த மாற்றம் நிலவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வந்து வந்து பார்க்கிற ஒன்று. காரணம், நிலத்தின் மேலோடு இங்கே சாய்ந்து தூக்கப்பட்டு, பிறகு அரிக்கப்பட்டிருக்கிறது. வடக்கே தெரியும் பாறைகள் அவ்வளவு ஆழமில்லாத இடத்தில் உருவானவை. தெற்கே தெரிபவை இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், கூடுதல் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்தவை. அந்த ஆழத்து வெப்பத்தில் பாறையிலிருந்த நீர் வெளியேறி, பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் குறைந்து, ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரற்ற கனிமம் உருவானது. பச்சைப் பளபளப்புள்ள கல்லுக்கு அடையாளம் அந்தக் கனிமமே. கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போகிறவர் தம்மை அறியாமலே பூமியின் பழைய மேலோட்டுக்குள் ஆழமாக இறங்கிப் போகிறார்.

மொட்டையாக நிற்பதற்கு முக்கியக் காரணம் கல்லின் வகையைவிட அதிலுள்ள விரிசல்கள். பாறையில் நெருக்கமாக விரிசல் இருந்தால் மழைநீர் உள்ளே புகும், ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகும், முரம்பும் செம்மண்ணும் உண்டாகும், வேர் பிடிக்கும், காடு வரும். விரிசல்கள் பல மீட்டர் இடைவெளியில் இருந்தால் அந்தப் பகுதி ஒரே துண்டாக மிஞ்சி நிற்கும். சுற்றியுள்ள விரிசல் நிறைந்த பாறையெல்லாம் மண்ணாகிக் கரைந்து போக, முழுத் துண்டு மட்டும் குன்றாக வெளியே வருகிறது. கோட்டை மலை மேலே வளர்ந்ததில்லை. சுற்றிலும் இருந்த நிலம் கீழே போனது.

வெளியே வந்த பிறகு இன்னொன்று நடக்கிறது. கிலோமீட்டர் கணக்கான பாறைச் சுமைக்குக் கீழே இறுக்கமாக இருந்த கல், மேல்சுமை போனதும் கொஞ்சம் விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகப் பிளவுகள் விழுகின்றன. வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிகிறது பாறை. அடுக்கின் கனம் மேலே ஒரு கையகலமும் உள்ளே போகப் போக ஒரு மீட்டருக்கு மேலும் இருக்கும். கோட்டை மலைச் சரிவில் ஒரு அடுக்கு உடைந்து நிற்கும் விளிம்பைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: மேல் பலகைக்கும் கீழ்ப் பாறைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடுக்கு, அதில் பொடிந்த மணல், மணலில் ஒரு புல், வாய்த்தால் ஒரு கற்றாழை. கையால் தட்டினால் 'டங்' என்று ஓசை வந்தால் அந்தப் பலகை அடியோடு ஒட்டவில்லை என்று பொருள். அதன் விளிம்பில் நிற்கக் கூடாது. அடிவாரத்தில் குவிந்திருக்கும் பெரிய உருண்டைக் கற்கள் பல இப்படி உரிந்து விழுந்து, மூலைகள் மழுங்கியவை. பாம்பும் தேளும் அவற்றின் இடுக்கில்தான்.

பாறைமேல் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வழக்கமாக இறங்கும் தடம் அது. அந்த ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்ப் படலமும் பாசியும் காய்ந்து கறுப்பாகத் தெரிகின்றன. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. ஐந்து நிமிடத் தூறல் போதும், செருப்பு எதுவானாலும் வழுக்கும். ஈரப் பாறையில் இறங்க வேண்டி வந்தால் கறுப்புக் கோட்டை விட்டு வெளுத்த பரப்பில் கால் வையுங்கள்.

உச்சியில் உள்ள சுனைகளும் பாறையின் வேலைதான். சின்னப் பள்ளத்தில் நீர் தேங்கும், தேங்கிய இடத்தில் ஃபெல்ட்ஸ்பார் சீக்கிரம் சிதையும், கோடையில் காய்ந்த துகளைக் காற்று அள்ளிக்கொண்டு போகும், அடுத்த மழையில் பள்ளம் இன்னும் ஆழமாகும். கோட்டை கட்டியவர்கள் அப்படிப்பட்ட பள்ளங்களைத் தேடிப் பிடித்து வெட்டி ஆழப்படுத்தி, தாழ்ந்த பக்கம் சுவர் வைத்து நீரைத் தேக்கினார்கள். ஆழம் ஏன் முக்கியம் என்பதற்கும் கணக்கு உண்டு. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தினமும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டரும், மார்ச், ஏப்ரலில் 7 மில்லிமீட்டர் அளவும் ஆவியாகும். நவம்பர் கடைசியில் நிறைந்த சுனை ஏப்ரல் முடிவதற்குள் 78 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அரை மீட்டர் ஆழச் சுனை மார்ச்சில் காலி. ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ளது மே மாதக் கோடை மழைவரை தாங்கும். ஒரு மலைக்கோட்டை முற்றுகையைத் தாங்குமா தாங்காதா என்பது மதில் உயரத்தோடு இந்த ஆழத்தையும் பொறுத்திருந்தது.

மொட்டைப் பாறையிலிருந்து ஓடும் நீரும் வீணில்லை. ஒரு ஹெக்டேர் பாறையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர். மண்ணே இல்லாததால் அதில் பெரும்பகுதி அப்படியே கீழே இறங்குகிறது. பாறைக் குன்றின் காலடியில் ஏரியும், அதைச் சுற்றிப் பழைய ஊரும் அமைந்திருப்பது இந்த மாவட்டங்களில் எங்கும் காணக்கூடியது.

தருமபுரிச் சமவெளியில் இன்னொரு வகைக் குன்று உண்டு: உயரமே இல்லாமல், கறுத்த உருண்டைக் கற்கள் வரிசை கட்டி, கிலோமீட்டர் கணக்கில் நேர்கோட்டில் ஓடும் கரடுகள். இவை டாலரைட் சுவர்கள். பழைய பாறையில் விழுந்த நீண்ட பிளவுகளில் எரிகுழம்பு ஏறி உறைந்தவை; கறுப்புக் கிரானைட் என்ற பெயரில் வணிகத்தில் போவது இதுதான். ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் இந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். அடர்ந்த டாலரைட் சுவர் நிலத்தடி நீரின் ஓட்டத்தைத் தடுத்தால், சரிவின் மேல்பக்கக் கிணற்றில் நீர் இருக்கும், கீழ்ப்பக்கத்தில் முந்நூறு அடி தள்ளிப் போட்டாலும் வறண்டிருக்கும்.

மலை எதைப் பார்த்தாலும் 'பழைய எரிமலை' என்று சொல்லும் பழக்கம் இங்கே இருக்கிறது. இந்த இரு மாவட்டங்களில் எந்தக் குன்றும் எரிமலைக் கூம்பு கிடையாது. ஒகேனக்கல் பக்கமும் ஊத்தங்கரைக்கு அருகே சாமல்பட்டியிலும் கார்பனடைட், சயனைட் (syenite) என்ற அரிய பாறைகள் உள்ளன. அவை பூமிக்குள்ளேயே உறைந்த குழம்பு, மேல்நிலம் அரித்துப் போனபின் வெளியே தெரிகின்றன. அரூர் பக்கத்துத் தீர்த்தமலையில் காந்த இரும்பும் குவார்ட்ஸும் கலந்த வரிப்பாறை உண்டு. காந்தத்தை அந்தக் கல்லில் வைத்தால் ஒட்டும். அங்கே ராமர் தீர்த்தம் உயரப் பாறையிலிருந்து சொட்டிக்கொண்டே இருப்பதும் விரிசல்களில் தேங்கிய மழைநீர் மெதுவாகக் கசிவதால்தான்.

இனி வத்தல்மலை, சித்தேரி. இவை தனித் துண்டுப் பாறைகளாக இல்லாமல், அகலமான மலைத்திரளாக எழுந்தவை. மேலே ஏறினால் கூரான உச்சி இருக்காது; மேடு பள்ளமான ஒரு தனிச் சமவெளி விரியும். ஒரு காலத்தில் தாழ்வாக இருந்த பழைய நிலப்பரப்பு உயர்ந்து போய், விளிம்புகள் மட்டும் அரிபட்டு, நடுப்பகுதி மிஞ்சியது என்பது இந்த வகை மலைகளுக்குச் சொல்லப்படும் விளக்கம். அந்தப் பழைய பரப்பில் பாறை மிக நீண்ட காலம் அசையாமல் ஊறிச் சிதைந்ததால் பல மீட்டர் ஆழச் செம்மண் இருக்கிறது. ஏற்காட்டில் இதே சிதைவு முற்றிப் போய்தான் பாக்சைட் என்ற அலுமினியத் தாது உண்டானது. மண் ஆழமாக இருந்தால் மழைநீர் தங்கும். நீர் தங்கினால் மரம் நிற்கும். மரம் நின்றால் நிழலும் ஈரமும். மலையாளி பழங்குடி மக்கள் இந்த மேட்டில் சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு வந்தார்கள். இப்போது வத்தல்மலையில் சில்வர் ஓக் நிழலில் காப்பி, அதே மரத்தில் மிளகுக் கொடி. அரபிகா காப்பிக்கு ஆயிரம் மீட்டர் உயரமும் நிழலும் வேண்டும். மார்ச், ஏப்ரலில் மொட்டை விரியவைக்கும் பூ மழை ஒன்று சரியாக இறங்க வேண்டும். மழை தவறினால் மொட்டு அப்படியே காயும், தூறலோடு நின்றுவிட்டால் பூ அரைகுறையாக விரிந்து காய்ப்பு கெடும். வத்தல்மலை மேடு சுமார் 1,100 மீட்டர். அடிவாரத்திலிருந்து 24 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது 600 மீட்டருக்கு மேல் உயர்கிறோம். கோட்டை மலையின் ஏற்றத்தைப் போல இரண்டரை மடங்கு.

குளிருக்கு வருவோம். காற்று உயரம் ஏற ஏற சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் கிருஷ்ணகிரி ஊருக்கும் கோட்டை உச்சிக்கும் வித்தியாசம் 1.6 டிகிரிதான், உடம்புக்கு அது தெரியவே தெரியாது. தருமபுரிக்கும் வத்தல்மலைக்கும் 4 டிகிரிக்கு மேல் வருகிறது. அதோடு அங்கே மரமும் ஈரமண்ணும் சேர்ந்து பகல் வெயிலின் பெரும்பகுதியை நீராவியாக்கச் செலவழிப்பதால், நிழலில் உணரும் வித்தியாசம் இன்னும் அதிகம். பாறையில் நேர்மாறு. வெயில் முழுவதும் கல்லைச் சூடேற்றவே போகிறது. அந்தச் சூடு ஒரு நாளில் ஒரு சாண் ஆழம்வரை இறங்கி, சூரியன் மறைந்த பிறகு மெல்ல வெளியேறும். ஏப்ரல், மே மாதத்தில் 'சாயங்காலம் குளிர்ச்சியாக இருக்கும்' என்று நம்பி ஐந்து மணிக்கு மொட்டைப் பாறை ஏறுகிறவர்கள் பகலெல்லாம் கல் வாங்கி வைத்த சூட்டைத்தான் சந்திக்கிறார்கள். கோடையில் பாறை மலைக்கு ஏற்ற நேரம் விடியலுக்கு முன். இரவு முழுவதும் சூட்டை இழந்து கல் அப்போதுதான் தணிந்திருக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணக்கு தலைகீழாகும் நாட்கள் உண்டு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் வேகமாகக் குளிர்கிறது. அதையொட்டிய குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியற்காலையில் அடிவாரம் உச்சியைவிட இரண்டு மூன்று டிகிரி குளிராக இருக்கும். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பனிமூட்டம் படுத்திருக்க, கோட்டை உச்சியில் வானம் சுத்தமாக இருப்பது இதனால்தான். கீழே ஸ்வெட்டரோடு கிளம்பி, பாதி மலையில் கழற்றி இடுப்பில் கட்ட வேண்டியிருக்கும். மேல்படியில் இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பள்ளங்களில் சில அதிகாலைகளில் வெப்பநிலை 12 டிகிரி அளவுக்கு இறங்கும். மாம்பூ எடுக்கும் பருவமும் இதுவே என்பதால், பள்ளத்துத் தோப்புகளில் பனி நின்றால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூவைத் தாக்கும். சரிவில் உள்ள தோப்பு அதே இரவில் தப்பித்துவிடும்.

மேகம் உச்சியைத் தொடுமா என்பதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு பனிநிலை வெப்பமும் (dew point, காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். மேகத்தின் அடிப்பகுதி நிலத்திலிருந்து ஏறக்குறைய அத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும். மே மாதப் பிற்பகலில் தருமபுரியில் 38 டிகிரி, பனிநிலை 18 என்றால் 2,500 மீட்டர்; இங்குள்ள எந்த மலைக்கும் எட்டாது. அக்டோபர் பகலில் 28, 22 என்றால் 750 மீட்டர். தருமபுரித் தரை உயரத்தைக் கூட்டினால் சுமார் 1,200. வத்தல்மலைக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு மேகம் நிற்கும். மழை விட்டு, பனிநிலை 22-லேயே இருக்க வெப்பநிலை 25-க்கு இறங்கினால் 375 மீட்டர், அதாவது கடல் மட்டத்திலிருந்து 830 அளவு. அப்போது மேல் வளைவுகள் மேகத்துக்குள் இருக்கும், வண்டி விளக்கு பத்தடிக்கு மேல் பாயாது. கோட்டை மலை மேகத்துக்குள் போக வேண்டுமானால் வித்தியாசம் 2 டிகிரிக்குள் வர வேண்டும்; அடைமழை நாளிலும் சில விடியல்களிலும் மட்டுமே அது நடக்கும். இந்தக் கணக்கு பகலில் காற்று கலங்கியிருக்கும்போது பொருந்தும். இரவு மூடுபனிக்குப் பொருந்தாது.

மழை. இரு மாவட்டங்களிலும் ஆண்டு மழை 850 மில்லிமீட்டர் அளவில். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பாலான நீரைக் கொட்டிவிட்டு வருவதால் ஜூன், ஜூலையில் காற்றும் மூட்டமும் தூறலும்தான். அந்த மாதங்களில் மொட்டை உச்சியில் மேற்குக் காற்று நிமிர்ந்து நிற்க விடாது. வெயில் குறைவாக இருப்பதால் ஏறுவதற்கு மோசமில்லை. உண்மையான மழை இரண்டு முறை: மே மாத இடிமழை, பிறகு செப்டம்பர், அக்டோபர். காற்று பலவீனமாகும் இடைப்பருவத்தில் பகல் சூட்டில் எழும் மேகம் நிலைத்து வளர்கிறது; பிற்பகல் மூன்று மணிக்குமேல் கர்நாடக எல்லைப் பக்கம் கறுத்து, இரவுக்குள் கிழக்கே நகரும். மே மாதத்தில் இதோடு சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் சேர்ந்தால் பெங்களூரா மாங்காய் காம்போடு உதிரும். வடகிழக்குப் பருவத்தில் புயல்கள் பொதுவாக இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் வலுவிழக்கும். வலுவிழப்பதும் மழை குறைவதும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, மெதுவாக உள்ளே நகர்ந்தபோது டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ஊத்தங்கரையில் விழுந்தது. அப்படிப்பட்ட முன்னறிவிப்பு இருக்கும் நாட்களில் மலைச்சாலையும் ஓடைக்கரையும் வேண்டவே வேண்டாம்.

உயரக் கணக்கில் ஏன் இத்தனை குழப்பம்? மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, அடிவாரத்திலிருந்து எழும் உயரத்தையும் கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தையும் கலப்பது. 800 அடி என்று ஒருவரும் 2,400 அடி என்று இன்னொருவரும் கோட்டை மலையைச் சொன்னால் இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, கைபேசி ஜிபிஎஸ். செயற்கைக்கோள் கணக்கு பூமியை வழவழப்பான ஒரு நீள்வட்டக் கோளமாக எடுத்துக்கொள்கிறது. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் உண்மையான கடல் மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டுவதில்லை; இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே அது நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வின் விளிம்பில் நாமும் இருக்கிறோம். நம் பகுதியில் வித்தியாசம் சுமார் 85 முதல் 90 மீட்டர். திருத்தம் செய்யாத செயலி, 500 மீட்டரில் நிற்கும் உங்களுக்கு 412 என்று காட்டும். செயலியின் அமைப்பில் 'சராசரிக் கடல் மட்டம்' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள்; இல்லாவிட்டால் காட்டும் எண்ணோடு 88 கூட்டுங்கள். சரியா என்று பார்க்க எளிய வழி: ரயில் நிலைய நடைமேடையின் முனையில் உள்ள மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல் மட்ட உயரம் மீட்டரில் எழுதியிருக்கும். அங்கே நின்று ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் கடிகாரங்கள். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணிவாக்கில் ஏறி, மாலை 4 மணிவாக்கில் 3 மில்லிபார் அளவு இறங்கும். இது மழையோடு சம்பந்தமில்லாத அன்றாட ஏற்றஇறக்கம். ஒரு மில்லிபாருக்கு 9 மீட்டர். காலை பத்துக்கு அடிவாரத்தில் சரி செய்து நான்கு மணிக்கு உச்சியில் பார்த்தால் 25, 30 மீட்டர் கூடுதலாகக் காட்டும். தவிர, கருவி குளிர்ந்த காற்றுக்கு ஏற்பக் கணக்கிடுகிறது; 30 டிகிரிக் காற்றில் ஏறிய உயரத்தை 6 சதவீதம் அளவுக்குக் குறைத்துச் சொல்லும். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் ஒரே இடத்தில் பார்த்து, வித்தியாசத்தை நேரப்படி பங்கிட்டுக் கழித்தால் நல்ல எண் கிடைக்கும்.

எப்போது ஏறுவது என்றால், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை போன்ற பாறை மலைகளுக்கு நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, காலை எட்டரைக்குள் உச்சியில் இருக்கும்படி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். சுனைநீர் குடிக்க உதவாது. வத்தல்மலைக்கு செப்டம்பர் முதல் ஜனவரி வரை. மழை மாதங்களில் பிற்பகல் மூன்றுக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். மே, செப்டம்பர், அக்டோபரில் மொட்டை உச்சியில் பெரிய ஆபத்து மின்னல். மின்னலுக்கும் இடியோசைக்கும் நடுவே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் ஓசை வந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நின்று பார்க்காமல் இறங்குங்கள். கொடிக்கம்பம், தனி மரம், மதில் முனை, பாறை இடுக்குக் குகை எல்லாமே தவறான ஒதுங்கிடம். பாறை முழுவதும் ஈரமாக இருக்கும்போது மின்சாரம் அதன் மேற்பரப்பில் பாய்ந்து, குகை வாயில் இருப்பவர் மேல் தாவும். தொங்குபாறைக்குக் கீழே மலைத்தேனீக் கூடு இருந்தால் புகை, வாசனைத் திரவியம், சத்தம் மூன்றையும் தவிர்க்க வேண்டும்.

அஞ்செட்டிப் பக்கத்து மேலகிரி மலைத்தொடரில் 1,400 மீட்டரை நெருங்கும் குத்திராயன் உச்சிக்குப் போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த மலைகள் 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயப் பகுதி, யானை நடமாட்டம் ஆண்டு முழுவதும் உண்டு. வனத்துறையின் எழுத்துமூல அனுமதியும் அவர்கள் அனுப்பும் ஆளும் இல்லாமல் அஞ்செட்டியைத் தாண்டி எந்த மலைக்காட்டுப் பாதையிலும் கால் வைக்கக் கூடாது.

இரண்டு வகை மலையையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் காலையில் கோட்டை மலை, பகலுக்கு தருமபுரி, பிற்பகலில் வத்தல்மலை என்று வைத்துக்கொள்ளலாம். வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பக்கத்தைக் கவனியுங்கள்: கீழ் வளைவுகளில் திடப்பாறை, நடுவில் கையால் நொறுங்கும் பழுப்புக் கல், மேலே முழுக்கச் செம்மண். காலையில் பார்த்த மொட்டைப் பாறையில் இந்த மேல் இரண்டு அடுக்கும் இருந்திருக்காது. வெட்டுமுகம் மழைக்குப் பின் சரியக்கூடியது. வண்டியை அதற்குக் கீழே நிறுத்தாமல் வளைவின் வெளிப்பக்க அகலத்தில் நிறுத்துங்கள்.